டார்வின் நூன்யெஸ் ஏன் டிரெண்ட் ஆகிறார் என்று கண்டுபிடிப்பது எப்படி

டார்வின் நூன்யெஸ் பெயர் திடீரென்று டிரெண்டிங்கில் ஏறினால் அதற்கு ரெண்டே காரணம்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒன்று கோல் போட்டிருப்பார், இல்லையென்றால் கோல்கீப்பரே இல்லாத கோலை விட்டிருப்பார். விஷயம் அவ்வளவு சின்னது இல்லை. இன்ஸ்டாகிராமில் படங்களை அழித்ததற்காக இவர் செய்தியாகியிருக்கிறார், ரசிகர்கள் இருக்கும் கேலரிக்குள் ஏறிப்போனதற்காக ஆகியிருக்கிறார், கணக்கிலேயே வராத ஒரு நட்பு ஆட்டத்தில் பந்தை வானத்துக்கு அடித்ததற்காகக்கூட ஆகியிருக்கிறார். பிரேசில் எல்லையை ஒட்டிய அர்தீகாஸ் என்ற ஊரில் 1999-ல் பிறந்த இந்த உருகுவே ஸ்ட்ரைக்கர் அளவுக்குத் திட்டு, கேலி, பாசம் மூன்றையும் ஒரே நாளில் வாங்கும் ஆட்கள் ஃபுட்பாலில் ரொம்பக் கம்மி.

ஒரு ஆட்டக்காரரின் இணையப் புகழ் எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்கப் பழக இவரை எடுத்துக்கொள்ளச் சொல்வதும் அதனால்தான். மெஸ்ஸியையோ ரொனால்டோவையோ எடுத்தால் எல்லா வரைபடமும் எப்போதும் உச்சத்திலேயே நிற்கும், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. நூன்யெஸ் விஷயத்தில் ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரியும், ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னாலும் ஒரு தேதியும் ஒரு சம்பவமும் இருக்கும். காசு செலவழிக்கத் தேவையில்லை. கீழே சொல்லும் கருவிகள் எல்லாம் இலவசம்.

ஃபாலோயர் எண்ணிக்கையை முதலில் ஓரமாக வையுங்கள்

எல்லாரும் முதலில் பார்ப்பது இதைத்தான். இதில்தான் தகவல் ரொம்பக் குறைவு. உருகுவேயின் மொத்த மக்கள்தொகை சுமார் 35 லட்சம். நூன்யெஸுக்கு முந்தைய தலைமுறை உருகுவே ஸ்ட்ரைக்கரான லூயிஸ் சுவாரஸின் இன்ஸ்டாகிராம் கணக்கைப் பின்தொடர்கிறவர்கள் 4 கோடிக்கும் மேல். அதாவது அவருடைய நாட்டில் பிறந்த குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை எல்லாரும் பின்தொடர்ந்தாலும் பத்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சப் பேர் எங்கிருந்து வந்தார்கள்? 2011-ல் இருந்து 2014 வரை லிவர்பூல், அப்புறம் 2020 வரை மெஸ்ஸி, நெய்மாரோடு பார்சிலோனா, கடைசியில் மறுபடியும் மெஸ்ஸி பக்கத்தில் இன்டர் மயாமி. ஆட்டக்காரரைப் பிடித்து வந்தவர்கள் எத்தனை பேர், கிளப்பின் ரசிகர்கள் எத்தனை பேர், பக்கத்தில் நின்றவரின் ரசிகர்கள் எத்தனை பேர் என்று அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் பிரிக்க முடியாது.

இன்னொரு சிக்கல், மக்கள் ஃபாலோ பண்ணுவார்கள், அன்ஃபாலோ பண்ண மறந்துவிடுவார்கள். ஆட்டக்காரர் கிளப்பை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆனாலும் பழைய ரசிகர்கள் அங்கேயே கிடப்பார்கள். போலிக் கணக்குகள் வேறு. ஆகவே மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள், எந்த வாரத்தில் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். சோஷியல் பிளேடு மாதிரியான தளங்களில் இந்தக் கூடுதல் குறைவு ஓரளவுக்குக் கிடைக்கும். அதையும் ஒரு துணைச் சாட்சியாக வைத்துக்கொண்டால் போதும்.

கூகுள் டிரெண்ட்ஸில் தேடும் விதம்

வேலை ஆரம்பிக்கும் இடம் இதுதான். பெயரைத் தட்டியதும் கீழே சில பரிந்துரைகள் வரும். அதில் வெறும் தேடல் சொல்லைத் தேர்ந்தெடுக்காமல், கால்பந்து வீரர் என்று குறிப்பு போட்டிருக்கும் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் பெயரை வேறு எழுத்தில், வேறு மொழியில், தப்பும் தவறுமாகத் தேடியவர்களும் கணக்கில் வருவார்கள். வெறும் 'டார்வின்' என்று தேடினால் பரிணாமக் கொள்கைக்காரரும், ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஊரும் சேர்ந்து வந்து உங்கள் வரைபடத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

சுவாரஸ் விஷயத்தில் இது இன்னும் மோசம். லூயிஸ் சுவாரஸ் என்ற பெயரில் கொலம்பியாவிலும் ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கிறார், 2025-ல் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்குப் போனவர். வேடிக்கை என்னவென்றால் அவரும் நூன்யெஸ் முன்பு ஆடிய அல்மேரியா கிளப்பில் இருந்து போனவர்தான். அதே பெயரில் 1960-ல் பாலன் தோர் விருது வாங்கிய ஸ்பெயின் ஆட்டக்காரர் ஒருவரும் உண்டு, அவர் 2023 ஜூலையில் காலமானார். அந்த வாரம் 'லூயிஸ் சுவாரஸ்' தேடல் எகிறியதைப் பார்த்துவிட்டு, உருகுவே சுவாரஸ் மயாமிக்குப் போகப்போகிறார் போல என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்?

அடுத்து, அந்த 0 முதல் 100 வரையிலான எண். இது எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில், தேர்ந்தெடுத்த இடத்தில், தேடல் பங்கு அதிகமாக இருந்த புள்ளி 100. மற்றதெல்லாம் அதை ஒப்பிட்டுத்தான். காலத்தை ஒரு மாதத்தில் இருந்து ஐந்து வருஷமாக மாற்றினால் நேற்று 100 ஆக இருந்த நாள் இன்று 12 ஆகத் தெரியலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுச் சண்டை போடுகிறவர்கள் ஏராளம். நாடுவாரியாக வரும் பட்டியலும் இப்படித்தான், மொத்தத் தேடலில் என்ன பங்கு என்றுதான் காட்டும். உருகுவே முதலிடத்தில் வந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, அங்கே எல்லாரும் ஃபுட்பால்தான் தேடுகிறார்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை ஒப்பிடலாம். நூன்யெஸ், சுவாரஸ், இன்னொரு உருகுவே ஸ்ட்ரைக்கரான எடின்சன் கவானி மூவரையும் ஒன்றாகப் போட்டு 2022 முதல் இன்றுவரை பாருங்கள். அப்புறம் அதே ஒப்பீட்டை வலைத் தேடலில் இருந்து யூடியூப் தேடலுக்கு மாற்றிப் பாருங்கள். செய்தி படிக்கத் தேடுகிறவர்கள் ஒரு வகை, கிளிப் பார்க்கத் தேடுகிறவர்கள் இன்னொரு வகை, ரெண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

விக்கிப்பீடியா பார்வைகள்

டிரெண்ட்ஸ் கொடுக்காத நிஜ எண்ணிக்கையை இது கொடுக்கும். ஒரு கட்டுரையின் வரலாறு பக்கத்துக்குப் போனால் பேஜ்வியூஸ் என்று ஒரு இணைப்பு இருக்கும். 2015 ஜூலையில் இருந்து ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தார்கள் என்று வரும். ரோபோக்களை நீக்கிவிட்டு மனிதர்கள் பார்த்ததை மட்டும் காட்டச் சொல்லுங்கள். லேங்வியூஸ் என்ற இன்னொரு கருவி மொழிவாரியாகப் பிரித்துக் கொடுக்கும்: ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், அரபு. ஒரு கிளப் மாற்றம் நடக்கும்போது எந்த மொழிக்காரர்கள் அவசரமாக ஓடிவந்து 'யார் இந்த ஆள்' என்று பார்த்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

விக்கிப்பீடியா பக்கத்தைத் திறப்பவர் பொதுவாக ஏற்கெனவே தெரிந்த ரசிகர் இல்லை, புதிதாக ஆர்வம் வந்தவர். ஆகவே இது பாசத்தை அளக்காது, அறிமுகத்தை அளக்கும். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேதிகளை மேலே போடுங்கள்

ஒரு தாளில் இந்தத் தேதிகளை எழுதிக்கொண்டு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

2022 ஜூன், பென்ஃபிகாவில் இருந்து லிவர்பூல். அதற்கு முந்தைய சீசனில் போர்ச்சுகல் லீக்கில் 28 ஆட்டங்களில் 26 கோல், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் லிவர்பூலுக்கு எதிராக ரெண்டு ஆட்டத்திலும் கோல். விலை 7.5 கோடி யூரோ, நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் 2.5 கோடி. இந்த விலையை நம்பலாம், ஏனென்றால் பென்ஃபிகா பங்குச்சந்தையில் இருக்கும் கிளப், போர்ச்சுகல் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. விலை பற்றிய வதந்திகளுக்கு நடுவே இப்படி ஒரு கடிதம் இருக்கிறதா என்று தேடுவது நல்ல பழக்கம்.

2022 ஜூலை 12, பாங்காக், மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நட்பு ஆட்டம், லிவர்பூல் 0-4 தோல்வி. மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர் விட்ட ஒரு வாய்ப்பு உலகம் முழுக்கச் சுற்றியது. பாவம், புது கிளப்பில் முதல் ஆட்டம் அது. ஜூலை 21, லைப்சிக் கிளப்புக்கு எதிராக இடைவேளைக்கு அப்புறம் இறங்கி நாலு கோல். இந்த ரெண்டு தேதிக்கும் நடுவே ஒன்பது நாள்தான்.

2022 ஆகஸ்ட் 15, கிரிஸ்டல் பேலஸ் ஆட்டம், யோவாகிம் ஆண்டர்சனைத் தலையால் முட்டி சிவப்பு அட்டை. 2023 ஆகஸ்ட் 27, நியூகாசில்; பத்து பேராகக் குறைந்துபோன அணிக்கு மாற்று ஆட்டக்காரராக வந்து ரெண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயிக்க வைத்தது. 2024 ஜனவரி 31, செல்சி ஆட்டம். நாலு முறை கம்பத்தில் அடித்தார், அதில் ஒன்று பெனால்டி. ஆப்டா என்ற புள்ளிவிவர நிறுவனம் இந்தக் கணக்கை வைக்கத் தொடங்கிய 2003-04 சீசனில் இருந்து பிரீமியர் லீக்கில் ஒரே ஆட்டத்தில் இப்படி நாலு முறை அடித்த முதல் ஆள் இவர்தான். அந்த ஆட்டத்தை லிவர்பூல் 4-1 என்று ஜெயித்தது, நாலாவது கோலுக்குப் பந்து கொடுத்ததும் அவரே. ஆனால் அடுத்த நாள் யாராவது ஸ்கோரைப் பற்றிப் பேசினார்களா? கம்பம்தான் பேச்சு.

2024 ஜூலை 10, தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான கோபா அமெரிக்காவின் அரையிறுதி, அங்கே நடந்ததைக் கீழே சொல்கிறேன். 2025 ஜனவரி 18, பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக 90 நிமிஷம் 0-0 என்று கிடந்த ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் ரெண்டு கோல். 2025 பிப்ரவரி 19, ஆஸ்டன் வில்லா ஆட்டத்தில் திறந்து கிடந்த கோலுக்கு மேலே அடித்தது. 2025 ஆகஸ்ட், சவுதியின் அல் ஹிலால்.

இந்தத் தேதிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் கவனிக்க வேண்டியது, கோல் போட்ட நாளின் உயரமும் விட்ட நாளின் உயரமும் எப்படி இருக்கின்றன என்பது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: நூன்யெஸின் இணையப் புகழ் கோல்களால் மட்டும் வந்ததில்லை, விட்ட வாய்ப்புகளாலும் வந்தது, ரெண்டும் ஒரே ஆட்டத்தில் நடக்கும் சாத்தியத்தால் வந்தது. ஒழுங்காக வருஷத்துக்கு 15 கோல் போட்டு வீட்டுக்குப் போகும் ஸ்ட்ரைக்கர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பெயரை யாரும் இரவு இரண்டு மணிக்குத் தேடுவதில்லை.

கிளிப் பார்க்கும்போது

கிளிப் கைக்கு வந்ததும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தத் தேதி? எந்தப் போட்டி? எத்தனையாவது நிமிஷம்? கிளிப் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கோபா அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஷார்லட் நகரில் கொலம்பியாவிடம் 0-1 என்று தோற்றதும் நூன்யெஸும் சில சக ஆட்டக்காரர்களும் கேலரிக்குள் ஏறி ரசிகர்களோடு கைகலப்பில் இறங்கினார்கள். கைகலப்பை மட்டும் காட்டும் வீடியோ ஒரு கதை சொல்லும். அந்தப் பகுதியில் ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன, குழந்தைகளும் இருந்தார்கள் என்று கேப்டன் ஹோசே மரியா கிமேனஸ் மைதானத்திலேயே மைக்கில் சொன்ன வீடியோ வேறு கதை சொல்லும். பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா தன் ஆட்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோல் விசாரித்து நூன்யெஸுக்கு ஐந்து ஆட்டத் தடையும் 20,000 டாலர் அபராதமும் போட்டது, அதுவும் அதே சம்பவத்தின் பகுதிதான். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு கருத்துக்கு வரமுடியும். முதல் வீடியோ பல மடங்கு அதிகம் பேரிடம் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

வில்லா ஆட்டமும் நல்ல உதாரணம். எல்லாரும் பகிர்ந்தது அந்த ஒரு ஷாட்டை. பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட் அப்புறம் சொன்னது வேறு: வாய்ப்பை விடுவது நடக்கும், அதற்குப் பிறகு மிச்ச நேரத்தில் அவர் ஆடிய விதம்தான் தனக்குக் கஷ்டமாக இருந்தது என்ற பொருளில் பேசினார். அதாவது பயிற்சியாளரின் குறை இருந்தது யாரும் கிளிப்பாக வெட்டாத நிமிஷங்களில். தலை தொங்கிப்போய் ஓடாமல் நிற்பதை யார் கிளிப் போடுவார்கள், அதை யார் பார்ப்பார்கள்!

இதனால் தொகுப்பு வீடியோக்களை ஒரு அளவோடு நம்புங்கள். 'நூன்யெஸ் விட்ட 20 வாய்ப்புகள்' என்று ஒன்று, 'மிருகம் டார்வின்' என்று இன்னொன்று, ரெண்டையும் வெட்டியவர்கள் ஒரே ஆட்டங்களில் இருந்துதான் எடுத்திருப்பார்கள். ஆஃப்சைடு கொடி தூக்கிய பிறகு அடித்ததையும் விட்ட வாய்ப்பாகச் சேர்த்துவிடுவார்கள். உதவி நடுவர் கொடி தூக்கியிருக்கிறாரா, டிஃபென்டர்கள் நின்றுவிட்டார்களா என்று ஓரத்தில் பாருங்கள்.

முடிந்தால் ஒரு முழு ஆட்டம் பாருங்கள், நியூகாசில் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். பந்து இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். டிஃபென்டரின் முதுகுக்குப் பின்னால், அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள் ஓடிக்கொண்டே இருப்பார், பந்து வந்தாலும் வராவிட்டாலும். பத்து முறை ஓடினால் ரெண்டு முறை பந்து வரும். இவ்வளவு வாய்ப்பு வருவதற்கும், இவ்வளவு வாய்ப்பு வீணாவதற்கும் அந்த ஓட்டம்தான் காரணம்.

புள்ளிவிவரத்தை எப்படிச் சேர்ப்பது

எக்ஸ்ஜி என்று ஒரு எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஷாட் எந்த இடத்தில் இருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது மாதிரி ஷாட்கள் பொதுவாக எத்தனை சதவீதம் கோலாகும் என்று சொல்லும் மதிப்பு. பெனால்டிக்கு மாடலைப் பொறுத்து 0.76 முதல் 0.79 வரை வரும். ஒரு சீசன் முழுக்கக் கூட்டினால், சராசரி ஆள் எத்தனை கோல் போட்டிருப்பார் என்று தெரியும். நிஜ கோல் அதைவிடக் கூடவா குறைவா என்று ஒப்பிடலாம்.

அண்டர்ஸ்டாட் தளத்தில் ஷாட் ஷாட்டாகப் பார்க்க முடியும், ஆனால் அது ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளையும் ரஷ்யாவையும்தான் எடுத்துக்கொள்கிறது. நூன்யெஸுக்கு லிவர்பூலில் ஆடிய மூன்று சீசன் மட்டும்தான் அங்கே கிடைக்கும். அல்மேரியாவில் 16 கோல் போட்ட 2019-20 சீசன் ஸ்பெயினின் ரெண்டாம் டிவிஷன், பென்ஃபிகா போர்ச்சுகல், அல் ஹிலால் சவுதி, எதுவும் வராது. மற்ற லீக்குகளுக்கு சோஃபாஸ்கோர், ஃபோட்மாப் பக்கம் போங்கள்.

இன்னொரு எண் 'பெரிய வாய்ப்பு தவறியது', அதாவது கோலாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடிய வாய்ப்பை விட்டது. இதைத்தான் கேலி செய்கிறவர்கள் அதிகம் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2023-24 பிரீமியர் லீக்கில் நூன்யெஸ் 27 பெரிய வாய்ப்புகளை விட்டார். அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் முதலிடம் அவருக்கு இல்லை, 34 விட்ட எர்லிங் ஹாலண்டுக்கு. அதே ஹாலண்ட் 27 கோல் போட்டு அந்த சீசனில் அதிக கோல் போட்டவருக்கான கோல்டன் பூட்டையும் வாங்கினார். வாய்ப்பு விட வேண்டுமென்றால் வாய்ப்புக்குள் போய் நிற்க வேண்டும், மோசமான ஸ்ட்ரைக்கர்களுக்கு 27 பெரிய வாய்ப்பு கிடைக்கவே கிடைக்காது.

இத்தோடு நிறுத்தினால் நான் அவருக்கு வக்கீல் வேலை பார்ப்பதாக ஆகிவிடும். அதே சீசனில் நூன்யெஸ் லீக்கில் போட்ட கோல் 11, எக்ஸ்ஜி சொன்னதைவிடக் கணிசமாகக் குறைவு. லிவர்பூலில் மொத்தம் 143 ஆட்டங்களில் 40 கோல், அதில் நிறைய ஆட்டம் பாதியில் இறங்கியது என்றாலும் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆளிடம் எதிர்பார்த்தது இது இல்லை. கேலிக்கு அடியில் ஒரு நிஜம் இருக்கிறது. கேலி செய்கிறவர்கள் தப்பு செய்வது, அந்த ஒரு நிஜத்தை மொத்த ஆளாக ஆக்கிவிடுவதில்.

உருகுவேக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள்

ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் லிவர்பூல் ரசிகர்களின் கோபமும் அவர்களுடைய எதிரிகளின் சந்தோஷமும்தான் கிடைக்கும். மொன்டெவிடியோவில் இருந்து வரும் எல் பாயிஸ் பத்திரிகையின் ஓவாசியோன் விளையாட்டுப் பகுதியை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படியுங்கள், வேறு ஒரு நூன்யெஸ் தெரிவார். 2023 அக்டோபரில் பிரேசிலுக்கு எதிராக ஒரு கோல் போட்டு இன்னொன்றுக்குப் பந்து கொடுத்தவர், அடுத்த மாதம் உலக சாம்பியன் அர்ஜென்டினாவை அதன் மண்ணிலேயே 2-0 என்று தோற்கடித்தபோது ரெண்டாவது கோல் போட்டவர். அந்த வாரங்களின் டிரெண்ட்ஸ் வரைபடத்தை உருகுவேக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் பிரிட்டனுக்குப் போட்டுப் பாருங்கள்.

அங்கேயும் எல்லாரும் ஒரே குரலில் பேசமாட்டார்கள். நூன்யெஸ் பென்யரோல் கிளப்பில் வளர்ந்தவர், சுவாரஸ் நசியோனால். அந்த ரெண்டு கிளப்புக்கும் நூறு வருஷத்துக்கு மேலான பகை. கருத்துப் பகுதியில் ஒருவர் நூன்யெஸைக் கண்டபடி திட்டினால் முதலில் அவருடைய புரொஃபைல் படத்தில் என்ன கொடி இருக்கிறது என்று பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இத்தனைக்கும் அல்மேரியாவில் இருந்த காலத்திலேயே இந்தப் பையனை வாங்குங்கள் என்று பார்சிலோனாவிடம் சொன்னதாகச் சுவாரஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இணையப் புகழ் வெறும் சத்தம் இல்லை, அதற்கு நிஜ பலமும் உண்டு என்பதற்கும் உருகுவேயிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 ஜூலையில் சுவாரஸுக்கு அடுத்த கிளப் எது என்று தெரியாமல் இருந்தபோது, நசியோனால் ரசிகர்கள் ஹேஷ்டேக் போட்டு அவரை வீட்டுக்கு அழைத்தார்கள், மைதானத்துக்கு ஆயிரக்கணக்கில் சுவாரஸ் முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். சில நாளில் அவரே வீடியோ போட்டு, வருகிறேன் என்றார். அக்டோபர் 30-ல் இறுதி ஆட்டத்தில் ரெண்டு கோல் போட்டு உருகுவே பட்டத்தையும் வாங்கிக்கொடுத்தார். எதிரணி லிவர்பூல்! இங்கிலாந்து லிவர்பூல் இல்லை, மொன்டெவிடியோவில் அதே பெயரில் இருக்கும் கிளப். 'உருகுவே லிவர்பூல்' என்று தேடும்போது இது குறுக்கே வரும், கவனம்.

ஆட்டத்தை நேரலையில் பார்க்கும்போதே இணையத்தையும் கவனிக்க நினைத்தால் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். உருகுவே நேரத்தைவிட நம் நேரம் எட்டரை மணி முன்னால். மொன்டெவிடியோவில் இரவு 8.30 ஆட்டம் என்றால் நமக்கு அதிகாலை 5 மணி. நாம் காபி குடிக்கும்போது அங்கே மீம் போடும் வேலை மும்முரமாக நடக்கும்.

அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நடப்பதை வைத்து ஜோசியம் சொல்லாதீர்கள்

2024 மே மாதம் நூன்யெஸ் தன் இன்ஸ்டாகிராமில் இருந்த லிவர்பூல் படங்களை எல்லாம் நீக்கினார். உடனே, கிளம்புகிறார், பார்சிலோனா போகிறார், கிளப்போடு சண்டை என்று செய்திகள் வரிசையாக வந்தன. நடந்தது என்ன? அடுத்த சீசன் முழுக்க அங்கேயே இருந்தார், லீக் பட்டமும் வாங்கினார், 2025 ஆகஸ்டில்தான் போனார். படம் அழித்த அந்த வாரங்களில் கருத்துப் பகுதியில் வசவு கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்மறையான கருத்துகள் தன்னைப் பாதித்தன என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வசவைப் படிக்கப் பிடிக்காமல் ஒருவர் கதவைச் சாத்தினால் அதை இடமாற்றச் செய்தியாக்குவது ரசிகர்களின் அவசரம், கிளிக் வாங்கும் தளங்களின் பிழைப்பு.

இடமாற்றச் செய்தி என்றால் கிளப்பின் அதிகாரபூர்வ அறிவிப்பு, பங்குச்சந்தைக் கடிதம், பெயர் போட்டு எழுதும் நிருபர், இந்த மூன்றில் ஒன்று வரும்வரை பகிராமல் இருங்கள். மேற்கோள் போட்ட படங்கள் இன்னும் ஆபத்து. ஆட்டக்காரர் படத்துக்குப் பக்கத்தில் ரெண்டு வரி போட்டு, கீழே கிளப் சின்னம் ஒட்டியிருந்தால் அதற்கு மூல வீடியோ எங்கே என்று கேளுங்கள். ஸ்பானிஷில் பேசியது ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்கு வருவதற்குள் ஆளே மாறிப்போயிருப்பார்.

அவரை டேக் பண்ணித் திட்டுவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 2022-ல் தலையால் முட்டு வாங்கிய ஆண்டர்சனுக்கு, முட்டு வாங்கியவருக்கு, அன்று ராத்திரியே நூற்றுக்கணக்கில் வசவும் மிரட்டலும் இன்ஸ்டாகிராமில் வந்தன, அவரே அதை வெளியே காட்டினார். முட்டியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூன்று ஆட்டத் தடையை அனுபவித்துவிட்டு வந்துவிட்டார். இப்படிப்பட்ட ரசிகர்களையும் சேர்த்துத்தான் அந்த ஃபாலோயர் எண்ணிக்கை.

சவுதிக்குப் போன பிறகு பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. கிளப் மாறிய 2025 ஆகஸ்டுக்கு முன் ஆறு மாதம், பின் ஆறு மாதம் என்று எடுத்துக்கொண்டு, ஆங்கிலம், ஸ்பானிஷ், அரபு மூன்று மொழி விக்கிப்பீடியா பார்வைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலத்தில் எவ்வளவு வடிந்ததோ அது லிவர்பூல் கொடுத்த புகழ். அரபில் புதிதாக எவ்வளவு ஏறியதோ அது அல் ஹிலால் கொடுத்தது. ரெண்டும் போக அசையாமல் நிற்கும் பகுதி ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஸ்பானிஷில். அதைத்தான் டார்வினின் சொந்தப் புகழ் என்று நான் எடுத்துக்கொள்வேன்.